முதுசமும் தேடியதேட்டமும்: பரம்பரைப் புற்றுநோய் ஆய்வின் வரலாறும் யாழ்ப்பாணத் தீவகமும்

1

மனித குலத்தின் பரம்பரை வேறுபாடுகளைத் தொகுக்க முனைந்த 'ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம்' என்னும் சர்வதேச முயற்சி, 2015 ஆம் ஆண்டில் தன் இறுதிக் கட்ட முடிவுகளை வெளியிட்டது. 26 மக்கட் கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேரின் மரபுத்தொகுதிகள் அதில் இடம்பெற்றன. அக்கூட்டங்களுள் இலங்கைத் தமிழரும் ஒன்றாவர். ஆனால் பட்டியலில் அவர்களுக்கு இடப்பட்ட பெயர் 'ஐக்கிய இராச்சியத்திலுள்ள இலங்கைத் தமிழர்' என்பதாகும். அவர்கள் தொகை 102. அவர்தம் குருதியிலிருந்து வளர்க்கப்பட்ட கலங்கள் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்துக் கொறியெல் நிறுவனத்திற் பேணப்பட்டு வருகின்றன.

இது ஒரு சிறு பதிவு. எனினும் வரலாற்று மாணவனுக்கு இதனுள் ஒரு பெருங்கதை அடங்கியுள்ளது. இலங்கைத் தமிழர் என்ற மக்கட் கூட்டம் உலக விஞ்ஞானத்தின் இக்கணக்கேட்டிலே புகுந்த வழி பருத்தித்துறையோ மட்டக்களப்போ ஊர்காவற்றுறையோ அன்று. புலம்பெயர்ந்து சென்ற ஐக்கிய இராச்சியமே. ஒரு மக்கள் கூட்டத்தின் உடல் பற்றிய அறிவு எவ்விடத்திலே, எவருடைய உழைப்பினால், எவருக்குப் பயன்படும் வகையில் உற்பத்தி செய்யப்படுகிறது என்னும் வினா இங்கு எழாமற் போகாது. இவ்வினாவைப் பரம்பரைப் புற்றுநோய் ஆய்வின் வரலாற்றின் ஊடாக, குறிப்பாகப் புரதங்களின் தொடர்பு வலையைக் கணினியில் மாதிரியாக்கும் அண்மைக்கால முயற்சிகளின் ஊடாக நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணமாகும். நாம் நின்று நோக்கும் இடம் யாழ்ப்பாணத் தீவகம்: ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலியன.

இலக்கிய ஆய்வாளருக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். மருத்துவம் கூறுவது எமது பணியன்று. ஆயின் ஓர் அறிவுத்துறை தன் மூலாதாரங்களை எவ்வாறு திரட்டுகிறது, எதனைப் பதிவு செய்கிறது, எதனை விட்டுவிடுகிறது, தன் முடிவுகளுக்கு எவ்வகைக் கருத்துநிலை வடிவத்தைக் கொடுக்கிறது என ஆராய்வது எமது துறைக்கு அந்நியமானதன்று. மேலும், பரம்பரைப் புற்றுநோய் பற்றிய அறிவு ஆய்வுகூடத்திலே தொடங்கியதுமன்று. அது வாய்மொழியிலே தொடங்கியது.

2

மிச்சிகன் பல்கலைக்கழகத்து நோயியலாளர் ஓல்ட்றெட் வார்தின் என்பவரிடம் 1895 ஆம் ஆண்டில் அவர்தம் தையற்காரி ஒருத்தி, தன் குடும்பத்தினர் பலரும் புற்றுநோயால் மாண்டனர் என்றும் தானும் அவ்வாறே மாளப்போவதாகவும் கூறினாள் என்பது இத்துறையில் நன்கறியப்பட்ட செய்தி. அவ்வாறே அவள் இறந்தாள். அவள் சொல்லைப் பிடித்துக்கொண்டு அக்குடும்பத்தின் வமிசாவளியை வார்தின் வரைந்தார். 1913 இல் அதனை வெளியிட்டார். பிற்காலத்தில் ஹென்றி லிஞ்ச் அதே குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அக்குடும்பத்தின் நோய்க்குக் காரணமான விகாரம் 2000 ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்டது. இன்று அந்நோய்த்தொகுதி லிஞ்சின் பெயரால் வழங்குகிறது. தையற்காரியின் பெயரால் வழங்கவில்லை. முதற்கருதுகோளை முன்வைத்தவள் அவளே என்பதும், தன் இனத்தவரின் சாவுகளை எண்ணிக் கணக்கிட்டு ஒரு விதியை அனுமானித்தவள் அவளே என்பதும் மனங்கொள்ளத்தக்கவை.

அதற்கு முன்னரே பிரான்சில் போல் புறோக்கா தம் மனைவியின் குடும்பத்திற் பல தலைமுறைகளாக மார்புப் புற்றுநோய் தொடர்ந்து வந்ததை 1866 இல் எழுதியிருந்தார். எனினும் பரம்பரை என்பதும் வாழ்க்கையில் நேர்வது என்பதும் எவ்வாறு ஒன்றையொன்று சந்திக்கின்றன என்பது நீண்ட காலம் தெளிவுபடவில்லை. அதனைத் தெளிவுபடுத்தியவர் அல்பிரட் நட்சன். சிறுவர் கண்களில் வரும் விழித்திரைப் புற்றுநோயின் 48 நோயாளர்களை ஆராய்ந்து அவர் 1971 இல் 'இரு அடிகள்' என்னும் கருதுகோளை முன்வைத்தார். ஒவ்வொரு கலத்திலும் ஒரு பரம்பரையலகுக்கு இரு பிரதிகள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. பரம்பரைப் புற்றுநோய்க் குடும்பங்களில் ஒரு பிரதி பிறப்பிலேயே பழுதுபட்டிருக்கிறது. மற்றைய பிரதி வாழ்நாளிற் பழுதுபடும்போது நோய் தொடங்குகிறது. ஏனையோருக்கு இரு பழுதுகளும் வாழ்நாளிலேயே நேரவேண்டும். ஆதலின் நோய் அரிதாகவும் பிந்தியும் வருகிறது.

யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விளக்கப் புதிய சொற்கள் வேண்டியதில்லை. 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியிற் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்துரைக்கின்றது. முதுசம் முன்னோர் விட்டுச்சென்றது. சீதனம் பெண்வழி வருவது. தேடியதேட்டம் மணவாழ்விலே ஈட்டியது. நட்சனின் முதலடி முதுசமாகவோ சீதனமாகவோ வருவது. இரண்டாமடி தேடியதேட்டம். இவ்வுவமையில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. மார்புப் புற்றுநோய் பெண்களின் நோய் எனக் கருதப்படுவதால், குடும்ப வரலாற்றைக் கேட்போர் தாய்வழியை மட்டும் விசாரித்து அமைவதுண்டு. உண்மையில் அந்த விகாரம் தந்தைவழியாகவும் அதே அளவிற்கு வரலாம். மகளுக்குச் சீதனம் கொடுக்கும் தந்தை, தான் நோயுறாமலேயே தன் தாயிடமிருந்து பெற்ற பழுதினையும் அவளுக்குக் கொடுத்திருக்கக் கூடும்.

1990 இல் அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மேரி-கிளெயர் கிங், 146 மார்புப் புற்றுநோயாளரைக் கொண்ட 23 குடும்பங்களின் வமிசாவளிகளை ஆராய்ந்து, இளவயதில் வரும் இந்நோய்க்குரிய பரம்பரையலகு ஒன்று பதினேழாவது நிறமூர்த்தத்தில் இருப்பதாகக் காட்டினார். 'பிராக்கா 1' என வழங்கும் அப்பரம்பரையலகு 1994 இல் முழுமையாக இனங்காணப்பட்டது. பதின்மூன்றாவது நிறமூர்த்தத்திலுள்ள 'பிராக்கா 2' அடுத்த ஆண்டில் இனங்காணப்பட்டது. தையற்காரியின் சொல் ஒரு நூற்றாண்டில் அமினோவமிலங்களின் வரிசையாகியது. பிராக்கா 1 புரதத்தில் அவ்வமிலங்கள் 1,863 உள்ளன.

3

பரம்பரையலகு கண்டறியப்பட்டதோடு வினா முடிந்துவிடவில்லை. மாறாக, அதன் பண்பே மாறியது. தனியொரு புரதத்தைத் தனித்து நோக்கி அதன் பணியை அறியமுடியாது என்பது விரைவிலே புலனாகியது. இயக்கவியற் சிந்தனைக்குப் பழக்கப்பட்டோருக்கு இது வியப்பளிக்காது. பொருளின் இயல்பு அதன் உறவுகளிலேயே வெளிப்படுகிறது. இரட்டை இழைகளாலான டி.என்.ஏ. முற்றாக அறுந்துபோகும்போது அதனைப் பிழையின்றிப் பொருத்துவதில் பிராக்கா 1 ஒரு சங்கிலியின் கண்ணியாகவே தொழிற்படுகிறது. அது பி.ஏ.எல்.பி. 2 என்னும் புரதத்தோடு சேர்கிறது. அது பிராக்கா 2 இனைக் கொண்டுவருகிறது. பிராக்கா 2, றாட் 51 என்னும் புரதத்தை அறுந்த இழையின்மீது ஏற்றுகிறது. இக்கண்ணிகளுள் எது பழுதுபடினும் திருத்தப்பணி கெடுகிறது. வெவ்வேறு பரம்பரையலகுகளின் விகாரங்கள் ஒரேவிதமான நோயைத் தருவதற்குக் காரணம் இதுவே.

இத்தகைய உறவுகளைத் தொகுக்கும்போது ஒரு வலை உருவாகிறது. புரதங்கள் அதன் முடிச்சுகள்; இரு புரதங்கள் ஒன்றையொன்று பற்றுமாயின் அவற்றிடையே ஓர் இழை. இவ்விழைகளைக் கண்டறிய 1989 இல் ஸ்ரான்லி பீல்ட்சும் ஓக்-கியு சொங்கும் மதுவக் கலங்களைப் பயன்படுத்தும் முறையொன்றை வகுத்தனர். அதன்பின் ஆயிரக்கணக்கான இழைகள் குவிந்தன. மனிதக் கண் இவற்றைப் பார்த்து முடிவுசெய்தல் இயலாது; கணினி இன்றியமையாததாயிற்று.

கணினி என்ன செய்கிறது என்பதைத் தீவகத்தின் போக்குவரத்தைக் கொண்டு விளக்கலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகுகள் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து புறப்படுகின்றன. புங்குடுதீவு பாலத்தால் வேலணைத்தீவுடன் இணைந்துள்ளது. வேலணைத்தீவிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் பண்ணைத் தாம்போதி செல்கிறது. அதே தீவின் வடமுனையிலுள்ள ஊர்காவற்றுறையிலிருந்து படகில் காரைநகருக்குச் சென்று, பொன்னாலைத் தாம்போதி வழியாகவும் குடாநாட்டை அடையலாம். இவ்வரைபடத்தில் எந்த முடிச்சு முக்கியமானது? மக்கள் தொகையைப் பார்த்து அதனைச் சொல்லிவிட முடியாது. குறிகட்டுவான் ஓர் இறங்குதுறை மட்டுமே. ஆயினும் அது மூடப்படின் இரு தீவுகள் துண்டிக்கப்படும். புரத வலையிலும் இவ்வாறே. ஒரு முடிச்சு எத்தனை இழைகளைத் தாங்குகிறது, எத்தனை பாதைகள் அதன் வழியே செல்கின்றன, அதனை நீக்கினால் எவை துண்டிக்கப்படும் எனக் கணினி எண்ணிப் பார்க்கிறது. நோயுடன் தொடர்புடையன என அறியப்பட்ட முடிச்சுகளிலிருந்து புறப்பட்டு இழைகள் வழியே நடந்து, அடிக்கடி சென்றடையும் அயல் முடிச்சுகளைச் சந்தேகத்துக்குரியன எனப் பட்டியலிடுகிறது.

2007 இல் வெளியான ஆய்வொன்று இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். மார்புப் புற்றுநோயுடன் தொடர்புடைய பிராக்கா 1, பிராக்கா 2, ஏ.ரி.எம்., செக் 2 என்னும் நான்கு பரம்பரையலகுகளைத் தொடக்கமாகக் கொண்டு, மிகுவேல் பூஹானா, மார்க் விடால் முதலியோர் 118 பரம்பரையலகுகளும் அவற்றிடையே 866 சாத்தியமான தொடர்புகளும் கொண்ட வலையொன்றைக் கட்டினர். கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை நேராகப் பங்கிட உதவும் மையவுடலின் ஒழுங்கின்மையும் இந்நோயில் பங்கு கொள்கிறது என்னும் கருத்தினை அவ்வலை சுட்டியது. அடுத்து ஆய்வுகூடத்தில் அத்தொடர்புகள் பரிசோதிக்கப்பட்டன. மாதிரி ஓர் அனுமானத்தைத் தந்தது. நடைமுறை அதனைச் சோதித்தது.

இவ்வறிவு மருந்தாகவும் பயன்பட்டது. மீண்டும் வேலணைத்தீவை நோக்குவோம். அதற்குக் குடாநாட்டுடன் இரு வழிகள் உள. பண்ணைத் தாம்போதி துண்டிக்கப்படின் காரைநகர்ப் படகு உண்டு. படகு நின்றால் தாம்போதி உண்டு. இரண்டும் ஒருங்கே இல்லாதொழியின் தீவு தனித்துவிடும். கலத்திலும் டி.என்.ஏ.யைத் திருத்த வெவ்வேறு வழிகள் உள. பிராக்கா பழுதுபட்ட புற்றுக்கலத்தில் ஒரு வழி முன்னமே மூடிக்கிடக்கிறது. பார்ப் என்னும் நொதியத்தைத் தடுத்து மற்றைய வழியையும் மூடிவிட்டால் அக்கலம் மாள்கிறது. நற்கலங்களுக்கோ முதல்வழி திறந்திருப்பதால் அவை தப்பிக்கொள்கின்றன. 2005 இல் இரு ஆய்வுக் குழுக்கள் இதனைத் தனித்தனியே காட்டின. 2014 இல் ஒலாபறிப் என்னும் மருந்து மேலைநாடுகளில் அனுமதிக்கப்பட்டது.

4

இவ்வலைகள் தாமாகத் தோன்றியவை அல்ல. கணினி என்னும் சொல் மனித உழைப்பினை மறைத்துவிடுகிறது. 2003 இல் வெளிவந்த மனிதப் புரத உசாத்துணைத் தரவுத்தளம், பெங்களூரில் 2002 இல் நிறுவப்பட்ட உயிர்த்தகவலியல் நிறுவனமும் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகமும் இணைந்து ஆக்கியதாகும். உயிரியல் பயின்ற இந்திய இளைஞர் ஆய்வுக்கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படித்து, எந்தப் புரதம் எதனைப் பற்றுகிறது எனக் கையால் பதிந்தனர். உரைகளைப் படித்து ஒப்புநோக்கி அட்டவணை செய்யும் அவ்வேலை, ஏடுகளைப் பார்த்துப் பாடபேதம் குறிக்கும் பதிப்பாசிரியரின் வேலைக்கு மிக நெருங்கியது. 2014 இல் அதே கூட்டினர் 17,294 பரம்பரையலகுகளின் புரதங்களை இனங்கண்டு மனிதப் புரதங்களின் வரைவுப் படமொன்றையும் வெளியிட்டனர்.

தமிழகத்தின் பங்கினையும் இங்கு குறிப்பிடல் தகும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963 இல், புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் மடியலாம், எவ்வெக் கோணங்களில் அணுக்கள் மோதிக்கொள்ளும் எனக் கணித்து ஒரு படம் வரைந்தனர். 2024 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசின் ஒரு பாதி, புரத வடிவங்களைக் கணினியால் எதிர்வுகூறியோருக்கு வழங்கப்பட்டது. அவ்வாறு எதிர்வுகூறப்படும் வடிவங்களின் சரிபிழையைப் பார்க்க இன்றும் இராமச்சந்திரன் படமே பயன்படுகிறது.

வலைகளைப் பற்றிய ஒரு முறையியற் குறைபாட்டினை வரலாற்று மாணவர் எளிதில் உணர்வர். அதிகம் ஆராயப்பட்ட புரதத்துக்கு அதிக இழைகள் இருப்பதாக வலை காட்டும். பி53 என்னும் புரதம் பெருமுடிச்சாகத் தோன்றுவதற்கு அதன் இயல்பு ஒரு காரணம். அதனைப் பற்றிப் பல்லாயிரம் கட்டுரைகள் எழுதப்பட்டிருப்பது மற்றொரு காரணம். எவரும் ஆராயாத புரதம் வலையின் ஓரத்திற் கிடக்கும். நெடுந்தீவின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டது. ஒல்லாந்தர் வளர்த்த குதிரைகளும் பிரித்தானியர் காலத்து அதிகாரி லெப்டினன்ட் நோலனும் ஆவணங்களில் நிறைந்துள்ளனர். முருகைக்கல்லை அடுக்கி வேலி கட்டியோரும், கிணறு வெட்டியோரும், பனையேறியோரும் அங்கு ஓரத்திற் கிடக்கின்றனர். ஆவணத்தில் இல்லாமையை வாழ்வில் இல்லாமையாகக் கொள்ளுதல் வரலாற்றிலும் உயிரியலிலும் ஒரே பிழையே.

இதே பிழை மக்கட் கூட்டங்களின் மட்டத்திலும் நிகழ்கிறது. பரவலான மரபுத்தொகுதி ஆய்வுகளில் பங்குகொண்டோருள் ஐரோப்பிய வழியினர் 2009 இல் நூற்றுக்கு 96 ஆகவும் 2016 இல் நூற்றுக்கு 81 ஆகவும் இருந்தனர் என ஒரு கணக்கெடுப்புக் காட்டியது. இதன் விளைவு கோட்பாட்டளவில் நின்றுவிடுவதன்று. நோயாளி ஒருத்தியின் பிராக்கா பரம்பரையலகில் ஒரு மாற்றம் காணப்படுகிறது எனக் கொள்வோம். அது அவளது மக்களிடையே பரவலாகக் காணப்படும் தீங்கற்ற வேறுபாடா, அன்றி நோய்தரும் விகாரமா? அம்மக்களின் ஒப்பீட்டுத் தரவு போதாதபோது 'பொருள் தெளிவற்றது' என்ற விடையே அவளுக்குக் கிடைக்கும். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008 இல் இலங்கை நோயாளரிடத்தும் ஆபத்துக்குட்பட்டோரிடத்தும் பிராக்கா 1 இனை ஆராய்ந்து, முன்னர் அறியப்படாத வேறுபாடுகளை வெளியிட்டனர். அஷ்கெனாசி யூதரின் விகாரமெனப் பெயர்பெற்ற ஒன்று இந்தியக் குடும்பமொன்றில் சுயாதீனமாகத் தோன்றியிருந்ததை 2007 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. தேடிய இடத்திலேதான் கண்டறிதல் நிகழ்கிறது.

5

அறிவு உற்பத்தியானபின் அது எவருக்கு உரியது என்பது அடுத்த வினா. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டொன்று 12 ஆம் நூற்றாண்டினது. முதலாம் பராக்கிரமபாகுவின் அக்கல்வெட்டினைக் கா. இந்திரபாலா 1963 இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டார் காக்கப்படவேண்டுமென்று கூறும் அச்சாசனம், உடையும் கலங்கள் பற்றியும் விதி செய்கிறது. யானை குதிரை கொண்டுவந்த கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் கொண்டுவந்த கலமாயின் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொணர்வோருக்குச் சலுகை செய்யும் அவ்விதி ஆட்சியாளரின் வர்க்க நலனை மறைக்கவில்லை. ஆயினும் கலம் உடைந்தவனுக்கும் ஒரு பங்குண்டு என்பதை அது ஏற்றுக்கொண்டது.

நம் காலத்தின் விதி அவ்வளவுகூடத் தாராளமாக இருக்கவில்லை. 1991 இல் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில் நிறுவப்பட்ட மிரியட் என்னும் கம்பனி பிராக்கா பரம்பரையலகுகளுக்கு ஆக்கவுரிமை பெற்றது. அப்பரம்பரையலகுகளைத் தேடிக் கண்டறிய வமிசாவளிகளைத் தந்தவை நோயுற்ற குடும்பங்கள். ஆராய்ச்சிச் செலவின் ஒரு பகுதி பொதுப்பணம். ஆனால் பரிசோதனையின் ஏகபோகம் கம்பனிக்கு உரியதாயிற்று. விலை 3,000 டொலருக்கும் மேலாயிற்று. 2013 யூன் 13 ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையிலுள்ள டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்த மாத்திரத்தில் அது ஆக்கமாகிவிடாது என ஒருமனதாகத் தீர்த்தது. ஆயினும் அதற்குள் பல ஆண்டுகளாகத் திரட்டிய விகாரத் தரவுகளைக் கம்பனி தன்னுள் வைத்திருந்தது. பரம்பரையலகின்மீதான உடைமை நீங்கினும் அதன் பொருள்விளக்கத்தின்மீதான உடைமை நீங்கவில்லை.

இன்னொரு தீவின் அனுபவமும் எமக்குப் படிப்பினையாகும். ஐஸ்லாந்தில் பரம்பரை மார்புப் புற்றுநோய்க் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பிராக்கா 2 இன் ஒரே விகாரமே காரணமாகும். சிறுதொகை மூதாதையர் வழியாகப் பெருகிய தீவு மக்களிடையே இது இயல்பு. 1996 இல் அங்கே டீகோட் என்னும் கம்பனி தோன்றியது. 1998 இல் நாட்டு மக்கள் அனைவரின் சுகாதாரப் பதிவுகளையும் ஒரு தரவுத்தளத்திற் சேர்க்கும் சட்டம் நிறைவேறியது. இறந்த தன் தந்தையின் பதிவுகள் அதிற் சேர்க்கப்படுவதை எதிர்த்து ஒரு மகள் தொடுத்த வழக்கில், 2003 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவளுக்குச் சார்பாகத் தீர்த்தது. தந்தையின் பதிவு மகளின் உடலையும் பேசுகிறது என்பதே அவ்வழக்கின் சாரம். 2012 இல் அக்கம்பனியை அமெரிக்க மருந்து நிறுவனமொன்று 415 மில்லியன் டொலருக்கு வாங்கியது. முதுசத்தை விற்பதற்கு முன் உரித்தாளரைக் கேட்கவேண்டும் என்பது தேசவழமை அறிந்தோருக்குப் புதுமையன்று.

6

இப்போது தீவகத்துக்குத் திரும்புவோம். பரம்பரைப் புற்றுநோய் பற்றிய எந்த மாதிரிக்கும் அடித்தளம் வமிசாவளியே. யார் யாருக்குப் பிறந்தார், எந்த வயதில், எந்நோயால் இறந்தார் என்னும் விபரங்கள் இல்லையேல் மிகச் சிறந்த கணினியும் வெறுங்கையுடனேயே நிற்கும். தீவகத்தில் அவ்வமிசாவளி இருவகையில் அறுக்கப்பட்டது.

முதலாவது, வன்முறையாலும் இடப்பெயர்வாலும். 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் முப்பதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 இல் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணைப் பகுதிகளிலிருந்து இளைஞர் பலர் பிடித்துச்செல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டனர். மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். ஏற்கெனவே கொழும்பிலும் தென்னிலங்கையிலும் வணிகம் செய்துவந்த தீவகத்தாரின் குடும்பங்கள் இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ எனச் சிதறின. ஒரு பாட்டியின் நான்கு பேத்திகள் நான்கு நாடுகளில் வாழ்வர். ஒருத்திக்கு நோய் கண்டறியப்பட்டால் அச்செய்தி மற்றையோருக்கு மருத்துவச் செய்தியாகச் சென்றடைவதில்லை. துக்கச் செய்தியாகவே சென்றடைகிறது.

வமிசாவளி மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை மேரி-கிளெயர் கிங் அவர்களின் வாழ்வே காட்டும். ஆர்ஜென்ரீனாவின் இராணுவ ஆட்சியில் காணாமலாக்கப்பட்டோரின் குழந்தைகளைத் தேடிய பாட்டிமாருடன் அவர் 1984 முதல் பணியாற்றினார். பாட்டியின் குருதிகொண்டு பேரப்பிள்ளையை இனங்காணும் முறைகளை வளர்த்தார். மார்புப் புற்றுநோயின் பரம்பரையலகைத் தேடியவரும் களவாடப்பட்ட குழந்தைகளைத் தேடியவரும் ஒருவரே. இரண்டிலும் கருவி ஒன்றே: இன்னார் இன்னாருக்கு உறவு என்பதை மறக்க மறுத்த பெண்களின் நினைவு. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் இன்றும் வீதியில் நிற்கும் எம் மண்ணில் இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வமிசாவளியை நாமே அறுக்கிறோம். சீதனத்தை மையமாகக் கொண்ட மணமுறையில் பெண்ணின் குடும்பத்து நோய் ஒரு பேரப்பொருளாகி, அவளது விலையைக் குறைக்கிறது. ஆகவே தாயின் மார்புப் புற்றுநோய் 'வயிற்றுவலி' ஆகிறது. பெரியதாயின் மரணம் 'காய்ச்சல்' ஆகிறது. இது அறியாமை அன்று. சொத்துறவுகள் விதிக்கும் மௌனம். அம்மௌனத்தின் விலையை அடுத்த தலைமுறைப் பெண் செலுத்துகிறாள். தான் ஆபத்துக்குட்பட்டவள் என்பதை அறியாமையால் பரிசோதனைக்குச் செல்லாதிருக்கிறாள். கட்டி பெருத்தபின்னரே வைத்தியசாலை செல்கிறாள். நெடுந்தீவுப் பெண்ணாயின் குறிகட்டுவானுக்குப் படகேறி, யாழ்ப்பாணத்துக்குப் பேருந்தேறி, மீண்டும் தெல்லிப்பழைக்குச் செல்லவேண்டும். தெல்லிப்பழையிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலை, 2011 இல் தெய்வந்துறை முனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தோர் பொதுமக்களிடம் திரட்டிய நிதியால் எழுந்தது. 2013 இல் திறக்கப்பட்டது. தென்னிலங்கை மக்களும் அதற்கு உதவினர் என்பது எமது நம்பிக்கைக்குரிய செய்தி. சென்னை அடையாற்றில் 1954 இல் புற்றுநோய் நிலையத்தைத் தோற்றுவித்த முத்துலட்சுமி ரெட்டி அவர்களும், தம் தங்கையின் மரணத்தை மறைக்காது அதனைப் பொதுப்பணியாக்கியவரே.

7

பரம்பரை பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். புற்றுநோய்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையானவையே பரம்பரை விகாரத்தால் வருவன. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். வெற்றிலையுடன் புகையிலையும் பாக்கும் மெல்லுதல் அதன் தலையாய காரணம். ஒல்லாந்தர் காலந்தொட்டுத் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான யாழ்ப்பாணப் புகையிலை அரசிறைக்கும் வணிகருக்கும் செல்வம் தந்தது. நாள் முழுதும் தோட்டத்திலும் கடலிலும் உழைத்தவன் பசியையும் களைப்பையும் அடக்க அதே புகையிலையை மென்றான். அவனது நோய் முதுசமன்று, முற்றிலும் தேடியதேட்டம். அதுவும் அவனாகத் தேடியதன்று. இதனைத் தலைவிதி என்பது பழைய கருத்துநிலை. அனைத்தும் பரம்பரையலகின் விதி என்பது அதே கருத்துநிலையின் புதிய வடிவம். உற்பத்தி உறவுகள் விளைவித்த நோயைக் குருதியின்மேற் சுமத்தும் எந்த விளக்கத்தையும் நாம் ஏற்கவியலாது.

குருதித் தூய்மை பேசும் சாதியமும் இவ்வாய்வுகளைத் தனக்குத் துணையாகக் கொள்ள முனையலாம். உண்மை அதற்கு எதிரானது. பழுதுற்ற பரம்பரையலகு சாதி கேட்டு வருவதில்லை. மேலும், சொந்தத்துள் மணம் முடிப்பதனாலேயே பிராக்கா வகைப் புற்றுநோய் மிகும் என்னும் பரவலான எண்ணமும் திருத்தத்துக்குரியது. ஒரு பிரதியின் பழுதே இங்கு போதுமானதாகலின், மணமக்கள் உறவினரா அல்லரா என்பதால் பிள்ளையொன்று அதனைப் பெறும் வாய்ப்பு மாறுவதில்லை. பழுதுற்ற பெற்றோரிடமிருந்து அது பாதிக்குப் பாதி. பெற்றோர் இருவரிடத்தும் அதே பழுது இருக்கும்போது தோன்றும் வேறு நோய்கள் உள. அவற்றுக்கே சொந்த மணம் காரணமாகலாம்.

இவை அனைத்தும் தமிழில் மக்களிடம் சொல்லப்படவேண்டும். அதற்கான மரபு எமக்குண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவருக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரணவைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளின் நூல்களைத் தமிழாக்குவித்தார். மதப்பரப்பல் அவர்தம் நோக்கமாயினும் அதன் புறவிளைவாகத் தமிழ் விஞ்ஞான உரைநடை வளர்ந்தது. சுதந்திரத்தின்பின் சுயமொழிக் கல்வி கலம், நிறமூர்த்தம், விகாரம், பரம்பரையலகு என்னும் சொற்களை எமது பாடசாலைகளில் நிலைபெறச் செய்தது. ஆகவே சொற்கள் உள்ளன. அவற்றைக் கொண்டு தாய் மகளிடமும் மருத்துவர் நோயாளியிடமும் பேசும் சூழலே உருவாக வேண்டியுள்ளது.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில கடமைகள் தெளிவாகின்றன. முதலாவது, தீவகக் குடும்பங்களின் நோய் வரலாறு, அவர்தம் சம்மதத்துடனும் அவர்தம் கட்டுப்பாட்டிலும் திரட்டப்படல் வேண்டும்; எம் பல்கலைக்கழகங்களின் மருத்துவமும் சமூகவியலும் வரலாறும் இதில் ஒன்றுசேரல் வேண்டும். இரண்டாவது, அத்தரவு எந்தக் கம்பனிக்கும் ஏகபோகமாகாது பொதுவுடைமையாக இருத்தல் வேண்டும். அதிலிருந்து பிறக்கும் பரிசோதனையும் மருந்தும் நெடுந்தீவுப் பெண்ணுக்கும் எட்டவேண்டும். மூன்றாவது, நோயைப் பேரப்பொருளாக்கும் சீதன முறைக்கு எதிரான போராட்டம் சுகாதாரப் போராட்டத்தின் பகுதியாக உணரப்படல் வேண்டும்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நயினாதீவுக் கல்லிலே, உடைந்த கலத்தின் பொருளில் உடையவனுக்கு இவ்வளவு பங்கு என்று பொறிக்கப்பட்டது. பண்டாரத்தின் பங்கினைப் பொறித்தவர்கள் அதனை மறவாது உடையவனின் பங்கினையும் பொறித்தனர். போரினாலும் நோயினாலும் உடைந்த கலங்கள் இன்று நம் கரைகளில் நிறைந்துள்ளன. அவற்றிலிருந்து எடுக்கப்படும் அறிவில் உடையவரின் பங்கு எவ்வளவு என்பதை எழுதும் பொறுப்பு இத்தலைமுறைக்குரியது. அதனை நாம் எழுதாவிடின் பிறர் எழுதுவர்.